நுனியை நேராக வெட்டு, பாப்பா

அடுத்த வாரத்திலிருந்து மெஷின் உன் கையில், பாப்பா. எனக்கு இது ஐந்தாம் மாதம். சால்வென்ட் வாடை அடிக்கும் இடத்தில் நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே நின்று ஓட்டிய தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. தை பிறந்தால் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று ஆர்டர் குவியும். டிசைன் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரிப் சாஃப்ட்வேரில் ஃபைலைப் போட்டு அனுப்பவும் பழகிவிட்டாய். ரோல் மாட்டுவதை மட்டும் இதுவரை தள்ளி நின்று பார்த்ததோடு சரி. பதினோரு வருடம் அந்த மெஷினோடு நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: நம் கடையில் வீணாய்ப் போன பிளக்ஸில் பாதிக்கு மேல், ரோல் மாட்டிய அந்தப் பத்து நிமிடத்திலேயே வீணாகிவிட்டது. பிரிண்ட் ஓடி முடிந்த பிறகுதான் அது நம் கண்ணுக்குத் தெரிந்தது.

முதலில் உன் உடுப்பு. துப்பட்டாவோடு மெஷின் ரூமுக்குள் போகாதே. பின்பக்கம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன் என்ற சமாதானமும் வேண்டாம், கழற்றி டிசைன் டேபிளில் வைத்துவிட்டுப் போ. சுருட்டும் ரோலர் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் துணி சிக்கினால் நிற்காது. சடையைக் கொண்டையாகப் போடு. என் வளைகாப்பில் உனக்கும் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுவிடுவார்கள். அந்தக் கையோடு ரோலரைத் தொடாதே. சிவப்பு எமர்ஜென்சி பட்டன் இரண்டு பக்கமும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே கை போகும் அளவுக்குப் பழகிக்கொள்.

அடுத்து எடை. ஜிஎஸ்எம், ஜிஎஸ்எம் என்று தினமும் சொல்கிறோமே, ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. 10 அடி அகலம் என்பது 3.05 மீட்டர். 70 மீட்டர் நீளமுள்ள 280 ஜிஎஸ்எம் ரோலைக் கணக்குப் போட்டுப் பார், கிட்டத்தட்ட 60 கிலோ வரும். அதே அகலத்தில் 440 ஜிஎஸ்எம் என்றால் 50 மீட்டருக்கே 67 கிலோ. இதை ஒருத்தியாகத் தூக்க நினைக்கவே கூடாது. பக்கத்து டீக்கடை அண்ணனைக் கூப்பிடு, இல்லாவிட்டால் ஐலெட் அடிக்கும் அக்காவைக் கூப்பிடு. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, 'ஏலேலோ' மாதிரி ஒரே குரலில் சொல்லிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். இடுப்பை வளைத்து வெடுக்கென்று தூக்கிய ஒரு நாளின் வலி, பத்து வருடம் கழித்தும் மழைக்காலத்தில் எனக்கு வந்து போகிறது.

லாரியில் இருந்து இறங்கிய ரோலை அன்றைக்கே மாட்டாதே. பிளக்ஸ் என்பது பாலியஸ்டர் நூல் வலையின் மேல் பிவிசி பூசிய துணி. வெயில் பட்டால் இளகும், இளகியிருக்கும்போது இழுத்தால் நீளும், ஆறியதும் சுருங்கும். சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து வந்த ரோலைத் தொட்டுப் பார்த்தால் மாவு போல இருக்கும். ஒரு ராத்திரி மெஷின் ரூமிலேயே இருக்கட்டும். தரையில் போட்டு அதன் மேல் இன்னொரு ரோலை அடுக்கினால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை, ரோல் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் ஒரு அலையாக எழும்பி பிரிண்ட் ஹெட்டுக்கு அடியில் வந்து நிற்கும். அட்டைக் குழலுக்குள் பைப்பை விட்டு ஸ்டாண்டில் தொங்கவிடுவதுதான் நல்லது. அந்த ஸ்டாண்டை வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தேன். அதில் துணி காயப்போடாதே.

மாட்டுவதற்கு முன் ரோலின் இரண்டு முனைகளையும் பார். சுருள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்து முனை தட்டையாக இருக்க வேண்டும். கோன் ஐஸ் மாதிரி ஒரு பக்கம் பிதுங்கி நின்றால், அந்த ரோல் எத்தனை முறை நேர் செய்தாலும் போகப் போக ஒதுங்கும். அப்படி வந்தால் பிரிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து சப்ளையருக்கு அனுப்பிவிடு. முகம் எது, முதுகு எது என்பதையும் இங்கேயே முடிவு செய். பின்பக்கம் கறுப்பாக வரும் பிளாக் பேக்கில் குழப்பமே இல்லை. சாதா பிளக்ஸில் இரண்டு பக்கமும் வெள்ளைதான். விரலால் தடவினால் அச்சுப் பக்கம் வழவழவென்று இருக்கும், பின்பக்கம் நூல் பின்னல் கொஞ்சம் தட்டுப்படும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் தெரியும். அச்சுப் பக்கம் மேலே வரும்படி ரோல் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று மெஷினின் பின்பக்கத்தில் மார்க்கரால் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அதைத் துடைத்துவிடாதே.

பைப்பைக் குழலுக்குள் விட்டு இரண்டு பக்கமும் கோனை இறுக்கும்போது, ரோல் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று டேப்பால் அள. கண் மதிப்பு போதாது. வலது ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம், இடது ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம், அவ்வளவுதான் வேலை. கோனை இறுக்கிவிட்டுக் கையால் ரோலைச் சுற்றிப் பார். பைப் மட்டும் சுற்றி ரோல் நின்றால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

இப்போது நுனி. கம்பெனியில் இருந்து வரும் நுனி நேராக இருக்கும் என்று நம்பிவிடாதே. இரும்பு ஸ்கேலை வைத்து, கட்டர் கத்தியை உன் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக இழுத்து வெட்டு. புது பிளேடாக இருக்கட்டும், மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையில் ஏறும். வெட்டிய பிறகு இரண்டு மூலைகளையும் ஒரு விரல் அளவுக்குச் சாய்வாகக் கிள்ளிவிடு. மெஷினுக்குள் தள்ளும்போது கூர்மையான மூலைதான் எங்காவது இடித்து மடங்கும். ஓரத்தில் நூல் பிசிறு தொங்கினால் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கு. தீக்குச்சியால் பொசுக்குவதைச் சில கடைகளில் பார்த்திருக்கிறேன். சால்வென்ட் ஆவி நிற்கும் அறையில் நெருப்பா! நம் கடையில் அது என்றைக்கும் கூடாது. சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவதும் வாசல் பக்கம்தான்.

நேர் பார்ப்பதில்தான் நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிஞ்ச் ரோலர் லீவரைத் தூக்கிவிட்டு நுனியை உள்ளே கொடு. ரோல் தூக்க வந்தவரைப் பின்னால் நிற்கவைத்துவிட்டு நீ முன்பக்கம் வந்து, நுனியின் நடுவை ஒரே கையால் பிடித்து இழு. இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து இழுத்தால், உன் வலது கை பலம் அதிகம், துணி அந்தப் பக்கம் சாயும். நடுவில் பிடித்தால் துணி தானே தன் நேரைத் தேடிக்கொள்ளும். பத்து அடி வரை வெளியே இழு. ஒரு அடி இழுத்துப் பார்த்து 'நேரா இருக்குக்கா' என்று சொல்லாதே, ஒரு அடியில் எல்லா ரோலும் நேராகத்தான் தெரியும். இழுத்த பிறகு உள்ளங்கையை நடுவில் வைத்து ஓரங்களை நோக்கித் தடவிக்கொண்டே போ. ஒரு பக்கம் விறைப்பாகவும் இன்னொரு பக்கம் தொளதொள என்றும் இருந்தால், தளர்ந்திருக்கும் பக்கம்தான் பிரச்சினை. லீவரைப் போடுவதற்கு முன்பே பின்னால் இருப்பவரை ரோலை மெல்லத் திருப்பச் சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே விறைப்பு வந்ததும் லீவரை இறக்கு. பின்னால் இருக்கும் ரோலின் ஓரமும் முன்னால் தொங்கும் துணியின் ஓரமும் மெஷின் ஸ்கேலில் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சாய்ந்தாலும் 20 மீட்டரில் 2 சென்டிமீட்டர் போய்விடும். அவ்வளவு ஓடுவதற்கு முன்பே ஓரத்தில் சுருக்கம் விழுந்து ஹெட்டில் உரசியிருக்கும்.

அதன் பிறகு பிரிண்ட் கொடுக்காமல் வெறுமனே பத்தடி முன்னால் ஓட்டு. ஓரம் நகர்கிறதா என்று பார். அதைத் திரும்பப் பின்னால் சுற்று. மறுபடியும் பார். இரண்டு முறையும் ஓரம் அதே எண்ணில் நின்றால்தான் ஃபைலை அனுப்பு.

இதை நான் செய்யாமல் விட்ட ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். மார்கழி மாதம், ஒன்றரை மணி இருக்கும். ஷட்டரைத் தட்டி ஒருவர் வந்தார். அம்மா இறந்துவிட்டார்கள், காலையில் எடுக்கிறோம், 6-க்கு 4 அளவில் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றார். செல்போனில் இருந்த போட்டோவைக் காட்டினார். நெற்றி நிறையக் குங்குமம், முகம் கொள்ளாத சிரிப்பு. மெஷினில் 10 அடி ரோல் இருந்தது. அவர் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவசரமாக அதை இறக்கி 4 அடி ரோலை ஏற்றினேன். இரண்டடி இழுத்தேன், நேராகத் தெரிந்தது, ஓட்டிவிட்டேன். பாதி ஓடும்போது ஓரத்தில் ஒரு சின்னச் சுருக்கம் எழுந்தது. டர்ரென்று ஒரு சத்தம். நான் பட்டனை அமுக்குவதற்குள் ஹெட் உரசி, அந்த அம்மாவின் நெற்றியில் பொட்டைத் தாண்டிக் காது வரை கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டது. அந்த மகன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்டைத் துடைத்து, நாசில் செக் எடுத்து, ரோலை மறுபடி நேர் செய்து அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. வீணான பேனரைச் சுருட்டி ஓரமாக வைக்கப் போனேன். "அத மட்டும் மிதிபடுற எடத்துல போட்டுடாதீங்கம்மா" என்றார். மாட்டும்போது இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால் அவர் அதைப் பார்த்திருக்கவே வேண்டாம். அவசரமாக வருகிறவர்களுக்குத்தான் பாப்பா நாம் இன்னும் நிதானமாக மாட்ட வேண்டும்.

ஹெட் ஏன் இப்படி உரசுகிறது என்று கேட்பாய். நம் மெஷினில் இருப்பது கோனிகா 512ஐ ஹெட். ஒரு ஹெட்டில் 512 துளைகள், ஒவ்வொன்றும் விடும் சொட்டு 30 பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைப்பதுதான் ஒரு பிக்கோலிட்டர். அவ்வளவு சின்னச் சொட்டு காற்றில் அலையாமல் குறி தவறாமல் விழ வேண்டும் என்றால் ஹெட் பிளக்ஸுக்கு மிக அருகில் ஓட வேண்டும். நாம் வைத்திருக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்த இடைவெளிக்குள் ஒரு மடிப்பு, ஒரு நூல் பிசிறு, ஒரு டேப் துண்டு எது வந்தாலும் ஹெட் தட்டில் இடிக்கும். துணி தூக்குகிறது என்று ஹெட்டை உயர்த்திக்கொண்டே போனால் உரசல் நிற்கும், ஆனால் எழுத்து மங்கிப் பக்கத்தில் மூடுபனி மாதிரித் தெறிக்கும். துணியைப் படுக்க வைப்பதுதான் வழி. துணி படுக்கும் பெட்டில் காற்றை உறிஞ்சும் ஓட்டைகள் அடைந்திருக்கிறதா என்று பார். குறைந்த அகல ரோல் மாட்டினால் வெளியே திறந்திருக்கும் ஓட்டைகளின் மேல் வேஸ்ட் வினைல் துண்டை ஒட்டி மூடு, உறிஞ்சல் முழுவதும் துணிக்கே கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் தகடு கிளிப்பை வை. அதன் மேல் படம் விழாத மாதிரி ஃபைலின் ஆரம்பத்தைத் தள்ளிவைக்க மறக்காதே.

பெட்டைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும். ஹெட் பக்கம் மட்டும் பனியன் வேஸ்டைக் கொண்டுபோகாதே, அது பஞ்சு விடும். அதற்குத் தனியாக நூல் பிரியாத துணி டப்பாவில் இருக்கிறது.

சுருட்டும் பக்கம் ஒட்டும்போதும் நடுவில் முதல் டேப், பிறகு இரண்டு ஓரம். ஓரத்தில் முதலில் ஒட்டினால் அந்தப் பக்கமே இழுக்கும், நீ பின்னால் கஷ்டப்பட்டு வைத்த நேர் எல்லாம் போய்விடும். தொங்கும் கம்பி துணியின் மடியில் மட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மழை நாளில் மை காயத் தாமதமாகும், டிரையர் ஃபேன் வேகத்தைக் கூட்டாமல் சுருட்டவிட்டால் படம் முதுகில் ஒட்டிக்கொண்டு உரியும்.

ரோல் மாற்றியதும் ஸ்டெப் டெஸ்ட் அடிக்காமல் ஜாப் கொடுக்காதே. தடிமன் மாறினால் ஒரு பாஸுக்குத் துணி நகரும் அளவும் மயிரிழை மாறும். வெள்ளைக் கோடு விழுந்தால் அதிகம் நகர்கிறது, அடர்ந்த கோடு விழுந்தால் குறைவாக நகர்கிறது. 280-க்கு என்ன எண், 340-க்கு என்ன எண், ஸ்டார் பிளக்ஸுக்கு என்ன எண் என்று நீல அட்டை நோட்டில் எழுதியிருக்கிறேன்.

சின்ன மெஷினில் வினைல் மாட்டும் முறை கொஞ்சம் வேறு. அங்கே பிஞ்ச் ரோலர் ஒவ்வொன்றும் கீழே இருக்கும் சொரசொரப்பான ரோலருக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இடைவெளியில் நின்றால் பிடிப்பே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பின்னால் இருக்கும் பேப்பர் ஈரம் குடித்து ஓரம் அலையலையாக எழும்பும். அதனால் வேலை முடிந்ததும் ரோலை அதன் பிளாஸ்டிக் உறையிலேயே திரும்பப் போட்டுக் கட்டு. ஹீட்டர் சூடாக இருக்கும்போது வினைலை அசையாமல் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதே. வந்து பார்த்தால் நின்ற இடத்தில் தகரக் கூரை மாதிரி வரி விழுந்திருக்கும்.

மிச்சம் பிடிக்கும் வழி ஒன்று. சுருட்டும் பைப் வரை எட்டுவதற்காகப் புது ரோலில் 8 அடியை வெறுமனே விட்டால் 10 அடி அகலத்துக்கு 80 சதுர அடி போயிற்று. அதற்குப் பதில் பழைய ரோலின் வாலை வெட்டாமல் மெஷினிலேயே விட்டு, புது ரோலின் நுனியை அதோடு முட்டவைத்துப் பின்பக்கம் டேப் போடு. ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. அந்த இணைப்பு முன்னால் வரும் வரை ஹெட் ஓரமாகப் பார்க்கிங்கில்தான் நிற்க வேண்டும்.

மிச்ச ரோலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஜாப் கொடுத்துப் பாதியில் தீர்ந்துபோவது பெரிய நஷ்டம். பழைய பேப்பர் கடைக்காரரிடம் வாங்கிய கொக்கித் தராசு மூலையில் தொங்குகிறது. 10 அடி 280 ஜிஎஸ்எம் ஒரு மீட்டர் சுமார் 850 கிராம். அட்டைக் குழல் எடையைக் கழித்து 17 கிலோ இருந்தால் 20 மீட்டர், அதாவது 65 அடி இருக்கிறது. அதை மார்க்கரால் ரோல் மேலேயே எழுதிவிடு. வால் பக்கம் கடைசி ஐந்தாறு அடியைக் கணக்கில் சேர்க்காதே, குழலோடு ஒட்டிய டேப் வெடுக்கென்று இழுத்து எல்லாவற்றையும் சாய்த்துவிடும். இரண்டு பட்டையாக அடித்து ஒட்ட வேண்டிய 20-க்கு 20 பேனர் வந்தால், இரண்டு பட்டையும் ஒரே ரோலில், ஒரே மாட்டலில் அடி. ரோலுக்கு ரோல் வெள்ளை நிறமே மாறும், இழுவையும் மாறும். ஒட்டும்போது தலைவர் மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் நிற்கும்.

வேஸ்ட் பிளக்ஸை எரிக்க மட்டும் யாருக்கும் கொடுக்காதே. பிவிசி எரிந்தால் அமிலப் புகை வரும், தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள். நெல் காயப்போடவும் மாட்டுக் கொட்டகைக்கு மேலே போடவும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடு.

எக்ஸாஸ்ட் ஃபேன் மெஷினுக்கு முன்பே ஓட வேண்டும், மெஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மையில் இருப்பது சைக்ளோஹெக்ஸனோன், தலைவலி வந்தால் காபி குடித்துச் சமாளிக்காமல் வெளியே போய் நில். கையில் நைட்ரைல் கிளவ்ஸ். வறண்ட நாளில் ரோல் உருவும்போது பட்பட்டென்று மின்சாரம் தெறிக்கும், முடி நட்டுக்கொண்டு நிற்கும். அப்போது படத்தின் ஓரத்தில் மை முடி மாதிரி இழுக்கும், தூசியும் வந்து ஒட்டும், சால்வென்ட் ஆவிக்குப் பக்கத்தில் அந்தப் பொறி ஆபத்தும்கூட. அந்த மின்சாரம் இறங்கத்தான் கொல்லையில் எர்த் குழி இருக்கிறது, அது காயாமல் கோடையில் வாரம் இரண்டு முறை ஒரு குடம் தண்ணீர் ஊற்று.

ராத்திரி கடையைச் சாத்தும் முன் பிஞ்ச் ரோலர் லீவரைத் தூக்கிவிட்டுப் போ. இறுக்கிப் பிடித்தபடியே விட்டால் விடியும்போது துணியில் ரோலர் தடம் பதிந்திருக்கும். நாளைக் காலையில் 6 அடி ரோல் நான்கு வருகிறது. இறக்குகிறவர்கள் லாரியிலிருந்து தரைக்கு உருட்டிவிடப் பார்ப்பார்கள். கீழே பழைய டயர் ஒன்றைப் போட்டு, முனை அடிபடாமல் படுக்கவைத்து இறக்கச் சொல். ஒரு ராத்திரி அவை மெஷின் ரூமில் இருக்கட்டும். மறுநாள் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், முதல் ரோலை நீ மாட்டு.